விண்வெளி நாயகன் இறந்தால், "ஏன் காப்பாற்ற முடியவில்லை?"

நேசித்த விஞ்ஞானக் கதை நாயகன் ஒருவனுக்கு அஞ்சலியாகக் காமிக்ஸ் வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் வரைகிறார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே மங்கலாக ஒரு முகம், கீழே அண்ணாந்து பார்க்கும் நண்பர்கள், மூலையில் ஒரு கவிதை வரி. பிறகு அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர என்ன வழி என்று யோசித்து முன்பக்கங்களை நிரப்புகிறார்கள். அதனால்தான் இத்தகைய அஞ்சலிகளில் பலவும் படம் போட்ட இரங்கல் செய்தியாக நின்றுவிடுகின்றன. அன்பு நிறைய இருக்கும், கதை இருக்காது.

விஞ்ஞானக் கதைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வாளேந்திய வீரன் போரில் விழுந்தால் வாசகர் நம்பிவிடுவார். ஆனால் ஒளியைப் பாய்ச்சிக் காயம் ஆற்றுகிற கருவியும், நகல் உடலும், கால இயந்திரமும் இருக்கிற உலகத்தில் ஒருவன் இறந்தான் என்றால் முதலில் எழுவது அழுகை இல்லை, கேள்வி: இத்தனையும் வைத்துக்கொண்டு ஏன் காப்பாற்ற முடியவில்லை? இதற்குப் பதில் சொல்லாத அஞ்சலிக் காமிக்ஸ், பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர் வரைந்தாலும் வாசகரைத் தொடாது. அவர் மனம் இன்னும் அந்தக் கேள்வியில்தான் நின்றுகொண்டிருக்கும்.

இதைச் சரியாகச் செய்த புத்தகம் 1982இல் வந்தது. ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த 'தி டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்'. மார்வெல் நிறுவனம் தொடங்கிய கிராஃபிக் நாவல் (புத்தக நீளப் படக்கதை) வரிசையின் முதல் புத்தகமே இதுதான். நாயகன் மார்-வெல், க்ரீ இனத்தைச் சேர்ந்த வேற்றுக்கிரக வீரன், 1967இல் அறிமுகமானவன். அண்டத்தையே அச்சுறுத்திய தானோஸை எதிர்த்து நின்றவன். அவன் சாவது போர்க்களத்தில் இல்லை. சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில், படுக்கையில், புற்றுநோயால் சாகிறான்.

நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே விதை இருக்கிறது. 1974இல் வந்த இதழ் ஒன்றில் நைட்ரோ என்ற எதிரியுடன் மோதும்போது, கசிந்த நச்சு வாயுக் கலனை அடைக்கிறான். அன்று அவன் பிழைத்துவிட்டான், அவ்வளவுதான். ஸ்டார்லின் அந்தப் பழைய காட்சியை எடுத்து மரண காரணமாக்கினார். மருத்துவத்தில் கைதேர்ந்தவர்கள் எல்லாம் கூடி ஏன் குணமாக்க முடியவில்லை? அவன் மணிக்கட்டில் இருக்கும் நெகா வளையங்களால். அவற்றின் சக்திதான் நோயை இத்தனை காலம் அடக்கி வைத்தது. அதே சக்திதான் இப்போது எந்தச் சிகிச்சையையும் உள்ளே விட மறுக்கிறது. அவனை நாயகனாக்கிய பொருளே கதவைச் சாத்துகிறது. வாசகர் கேட்க நினைத்ததை ரிக் ஜோன்ஸ் என்ற நண்பன் கதைக்குள்ளேயே கோபமாகக் கேட்டுவிடுகிறான்: இத்தனை அறிவாளிகள் இருந்தும் ஏன் யாரும் மருந்து தேடவில்லை என்று. அவன் கேட்டபிறகு வாசகர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பின்தான் துக்கத்துக்கு இடம் கிடைக்கிறது.

அதே 1982இல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் ஸ்பாக் என்ற விண்கப்பல் அதிகாரி இறந்ததும் இந்த இலக்கணத்துக்குள்தான் வரும். கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் அவன் போகிறான், கப்பல் பிழைக்கிறது, நண்பன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். கதவைத் திறந்தால் கதிர்வீச்சு வெளியே பரவிவிடும். 1984இல் அடுத்த படத்தில் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மார்-வெல் பிற்காலக் கதைகள் சிலவற்றில் தலைகாட்டியிருக்கிறான், ஆனால் நிலையாகத் திரும்பவில்லை. அதனால்தான் அந்தப் புத்தகத்துக்கு இன்றும் எடை குறையவில்லை என்பது என் கருத்து. அஞ்சலி எழுதிவிட்டுக் கடைசிப் படக்கட்டத்தில் இறந்தவனின் விரல் அசைவதாகக் காட்டுவது, அதுவரை அழுதவரை ஏமாற்றுவது.

ஆகவே பென்சிலைத் தொடுமுன் ஒரு தாளில் அந்த நாயகனின் உலகத்தில் உள்ள காப்பாற்றும் வழிகளை எல்லாம் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஏன் உதவவில்லை என்று ஒரு வரி. ஒரே காரணம் நாலைந்து வழிகளை ஒன்றாக அடைத்தால் அதுதான் உங்கள் கதை. வழிக்கொரு காரணம் தேவைப்பட்டால் மரணம் செயற்கையாக இருக்கிறது என்று பொருள், மாற்றுங்கள். காரணம் நாயகனின் பழைய செயல் ஒன்றிலிருந்து வரவேண்டும், மூலக்கதையின் ரசிகர்கள் பார்த்திருக்கும் செயலாக இருந்தால் இன்னும் நல்லது. அதை விளக்க மூன்று படக்கட்டங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் மருத்துவ அறிக்கை வாசிப்பது போலாகிவிடும்.

அடுத்தது பக்கக் கணக்கு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்கவேண்டும். முதல் முயற்சிக்கு 16 உள்பக்கம் போதும், அட்டை தனி. ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறம் விழும். வாசகர் தாளைத் திருப்பும்போது கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். எனவே அதிர வைக்கவேண்டிய எதுவும் 4, 6, 10 போன்ற பக்கங்களில் வரவேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால், இடப்பக்கம் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். மரணத்தையே அப்படி வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

என் பரிந்துரை இது. 1 முதல் 3 வரை நாயகன் தன் வழக்கமான வேலையில், சண்டை இல்லாமல். 4இல் அவன் சாகப்போகிறான் என்ற செய்தி. 5 முதல் 7 வரை காப்பாற்றும் வழிகளின் கதவுகள் சாத்தப்படுவது. 8, 9 நடு விரிப்பு, அதாவது புத்தகத்தின் நடுவில் எதிரெதிரே விரியும் இரு பக்கங்கள். 10இல் மரணம். மீதி ஆறு பக்கமும் மிஞ்சியவர்களுக்கு. மரணத்தை 16ஆம் பக்கத்துக்குத் தள்ளுவதுதான் இந்த வகையில் மிகப் பெரிய பிழை. அஞ்சலி என்பதே அதற்குப் பிறகு நடப்பதுதானே.

நடு விரிப்பை மட்டும் ஒரே படமாக வரையலாம். 8ஆம் 9ஆம் பக்கங்கள் ஒரே தாளில் அச்சாகும், படம் பிசகாது. மற்ற இடங்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு தாள்கள், ஓரிரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். முகத்தை மடிப்பின் மேல் வைத்துவிட்டால் மூக்கு இரண்டாகும். இந்த விரிப்பில் எல்லோரும் நிற்கும் இறுதி ஊர்வலத்தை வரையத்தான் கை போகும். நாற்பது பேரை நிறுத்தினால் ஒவ்வொரு முகமும் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது, வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் நாயகனை உயிரோடு வரையுங்கள், பெரிய வெளியில் சிறிய உருவமாக, எதையோ பழுது பார்த்துக்கொண்டு.

மரணப் பக்கத்துக்கு ஒரே அளவில் ஆறு கட்டங்கள், ஒரே கோணம், சொல் கூடாது. இதயத்துடிப்புத் திரையில் கோடு நேராவதை இனி யாரும் வரையவேண்டாம், தேய்ந்துபோய்விட்டது. நாயகன் தலைக்கவசம் அணிந்தவன் என்றால் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மூச்சு ஆவியே போதும். முதல் கட்டத்தில் அகலமாக, இரண்டாவதில் தெளிந்த கண்ணாடி, மூன்றாவதில் பாதியளவு, பிறகு மூன்று கட்டங்களிலும் தெளிந்த கண்ணாடி. வாசகர் நான்காவது கட்டத்தில் காத்திருப்பார், ஐந்தாவதில் புரிந்துகொள்வார். ஆறாவது அவர் தனியாக இருப்பதற்கு. ஒரு எச்சரிக்கை: ஆவியை 5 சதவீதத்துக்கும் குறைவான மை அடர்த்தியில் போட்டால் அச்சில் காணாமல் போகும். 15 சதவீதமாவது வையுங்கள்.

துக்கப்படுகிறவர்களில் மூவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்டார்லினின் புத்தகத்தில் கூட்டம் பெரிதுதான், ஆனால் நினைவில் நிற்பவர்கள் சிலரே. கோபப்படும் ரிக். அறையில் நிற்க முடியாமல் வெளியேறும் ஸ்பைடர்மேன். பரம எதிரிகளான ஸ்க்ரல் இனத்தின் தளபதி வந்து வீரப்பதக்கம் அளிப்பது. மார்-வெல்லின் சொந்த க்ரீ இனமோ அவனைத் துரோகி என்று கைவிட்டுவிட்டது. எதிரி வந்தான், உறவு வரவில்லை. நாயகன் யார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த உரையும் சொல்லாது. புகழ்மாலை பேசும் பலூன்கள் (பேச்சு எழுதும் குமிழ்கள்) எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இப்படி ஒரு வருகையும் ஒரு வராமையும் வையுங்கள்.

நாயகனை நடித்த நடிகரும் மறைந்திருந்தால் விளம்பரப் புகைப்படத்தின் மேல் தாள் வைத்து நகல் எடுக்கும் ஆசை வரும். வேண்டாம். புகைப்படத்தின் ஒளி ஒரு பக்கம், உங்கள் காட்சியின் ஒளி இன்னொரு பக்கம், முகம் ஒட்டவைத்த மாதிரி நிற்கும். முதுகு, தோளின் சாய்வு, கைகள் நிற்கும் விதம், இவற்றில் அடையாளம் இருக்கிறது. உருவத்தை முழுக் கறுப்பாக நிரப்பி 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் யாரென்று தெரிந்தால் முகத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

வண்ணத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு: நாயகன் உடையின் முக்கிய நிறத்தை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். பொத்தான், விளக்கு, பின்னணி, எதிலும் கூடாது. 10ஆம் பக்கத்துக்குப் பிறகு அந்த நிறம் புத்தகத்தை விட்டே போய்விட வேண்டும். வாசகர் காரணம் அறியாமலே ஏதோ குறைவதை உணர்வார். 15இலோ 16இலோ ஒரு சிறு பொருளில், ஒரே ஒரு முறை அது திரும்பலாம்.

விண்வெளிக் கதை அச்சில் கெடுவது பெரும்பாலும் கறுப்பில்தான். வெறும் கறுப்பு மை 100 சதவீதம் போட்டால் பெரிய பரப்பில் அடர் சாம்பலாகத்தான் தெரியும். சயான் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்ற கலவை ஆழம் தரும். மொத்தம் 240 சதவீதம். 300ஐத் தாண்டினால் மை உலராமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டக்கூடும். ஆனால் எழுத்துக்கு இந்தக் கலவை கூடாது, தனிக் கறுப்பு மட்டும்தான். நான்கு மையும் இம்மியளவு பிசகினாலும் எழுத்தின் ஓரம் வண்ண நிழல் கட்டும். திரையில் ஜொலிக்கும் நீல ஒளிக்கதிர்களும், அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றியதும் மங்கிவிடும். தொடக்கத்திலேயே மாற்றிவிட்டு வரைந்தால் கடைசியில் ஏமாற்றம் இருக்காது.

நட்சத்திரங்களும் அப்படியே. கோட்டுப்படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில் வைத்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர். மூன்று பிக்சல் அளவு வெள்ளைப் புள்ளியை, சுற்றியுள்ள கறுப்பு மை விழுங்கிவிடும். ஏழெட்டு பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். 11க்கு 17 அங்குலத் தாளில் வரைந்து மூன்றில் இரண்டாகச் சுருக்குகிறவர்கள், 0.2 மில்லிமீட்டர் கோடு 0.13 ஆகிவிடும் என்பதை மறக்கவேண்டாம். வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையவேண்டும். பலூன்கள் வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே 6 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

இனி எழுத்து. நம் மொழியில் காமிக்ஸ் செய்கிறவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பலூனை முதலில் வரைந்துவிட்டுச் சொற்களைத் திணிப்பார்கள். தமிழ்ச் சொல் நீளமானது, நடுவில் உடைத்தால் கண் இடறும். முதலில் எழுத்தை அமைத்து, அதைச் சுற்றிப் பலூன் வரையுங்கள். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினாலே கூட்டம்தான். மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் என்பதால் வரி இடைவெளி எழுத்தளவில் 130 சதவீதமாவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கி'யில் முட்டும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துரு இல்லாமலே நிற்கும் வடிவமாக) மாற்றிவிடுவது பாதுகாப்பு. சாய்வெழுத்து வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கணினி செயற்கையாகச் சாய்த்த வடிவம்தான். கத்தலுக்குத் தடித்த எழுத்து. சாகிறவனின் பேச்சுக்குப் பெரிய பலூனுக்குள் சின்ன எழுத்து, சுற்றிலும் நிறைய வெள்ளை. சொல்லுக்குச் சொல் மூன்று புள்ளி வைத்து மூச்சுத் திணற வைக்கவேண்டாம்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. பிறர் உருவாக்கிய நாயகனை வரைந்து விற்பது, அஞ்சலி என்று பெயர் வைத்தாலும், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத காரியம். பணம் வாங்காவிட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. உரிமையாளர் ரசிகர் படைப்புக்கென்று விதிகள் வெளியிட்டிருந்தால் வரையத் தொடங்குமுன் படித்துவிடுங்கள். சொந்தமாக ஒரு நாயகனைப் படைத்து, அவன் வழியாக அஞ்சலி செலுத்துவதும் நல்ல வழியே. அப்போது 1 முதல் 3 வரையிலான பக்கங்களுக்கு இரட்டிப்பு உழைப்பு தேவைப்படும், ஏனென்றால் வாசகருக்கு அவன்மேல் ஏற்கெனவே பாசம் கிடையாது.

கடைசி மூன்று பக்கங்களில் அவன் விட்டுப்போன வேலையை யாரோ ஒருவர் தொடர்வதைக் காட்டுங்கள். முதல் பக்கத்தில் அவன் செய்த அதே வேலை, அதே கோணம், வேறு கைகள், கொஞ்சம் தடுமாற்றத்துடன். வானத்தில் முகம் வேண்டாம். 16ஆம் பக்கத்தின் வலது கீழ் மூலையில், வழக்கமாகத் 'தொடரும்' என்று போடும் இடத்தில் மூன்று சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். 'முற்றும்' என்றும் போடவேண்டாம்.