அப்பா விட்டுச்சென்ற வீட்டுக்கு வாரிசு வரி உண்டா?

"தகப்பனார் இறந்தால், வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வரியாகக் கட்ட வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. இந்தியாவில் 1953-இல் வந்து, ஒரு கட்டத்தில் உச்சமாக 85 விழுக்காடு வரை உயர்ந்த 'எஸ்டேட் டியூட்டி' (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரி), ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி ரூபாயே ஈட்டி, நிர்வாகச் செலவை மட்டும் கூட்டியதால், 1985-இல் நிதியமைச்சர் வி. பி. சிங்கால் நீக்கப்பட்டது. இன்று உயில் வழியாகவோ வாரிசுரிமையாலோ வரும் வீட்டுக்கு வருமான வரி கிடையாது. பொதுவாக அதை வாடகைக்கு விட்டாலோ லாபத்துக்கு விற்றாலோதான் வருமான வரிப் பேச்சே எழும். பட்டா மாற்ற, வாரிசுச் சான்றிதழோடு அலையும் குடும்பத்தை இப்படி மிரட்டுவது கொடுமை. ஆனாலும், பெருஞ்செல்வம் உழைப்பின்றிக் கைமாறுவதைக் கட்டுப்படுத்த வாரிசு வரி நியாயமான வழி என்றே கருதுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுகூட 2024-இல் 1.36 கோடி டாலரைத் தாண்டிய பகுதிக்கே அதை விதித்தது.