அந்த இரண்டாவது சாவி எங்கே?

புதுக் கார் டெலிவரி அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கேக் வெட்டச் சொல்வார்கள். பாதி ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். நிஜச் சாவியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "சார், ரெண்டு சாவி இருக்கு. கூட இருக்கிற சின்னத் தகட்டுல சாவி நம்பர் இருக்கு, அதைத் தனியா எடுத்து வச்சிருங்க." இவ்வளவுதான். சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. அதைச் சொல்லாமல் விட்டதற்கு, சாவி தொலைகிற அன்றைக்கு ஆயிரக்கணக்கில் தண்டம் கட்டுவது வாங்கினவர்தான்.

அந்தக் காலத்துக் காருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் குடையை விரித்து, பலகை நிறைய வெறும் சாவிகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் பத்து நிமிஷத்தில் அரத்தால் ராவிக் கொடுத்துவிடுவார். இன்றைக்கும் கொடுப்பார். கதவு திறக்கும், சாவி திரும்பும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. பிடித்தாலும் இரண்டு நொடியில் அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்மினுக்கென்று முறைத்துக்கொண்டிருக்கும். "பேட்டரி வீக் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் சாவித் தலைக்குள் இருக்கும் சில்லு, அதாவது எலக்ட்ரானிக் சிப். நிறைய சாவிகளில் அது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி: நீளம் 12 மி.மீ., அகலம் 6, கனம் 3. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கிறது. அது 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அனுப்பும் அலையில்தான் சில்லு உயிர்பெறும். வண்டிக்குள் இருக்கும் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புக் கருவி ஒரு கேள்வி கேட்கும், சில்லு பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் இன்ஜின் ஓட அனுமதி. கதவு பூட்டும் ரிமோட் இதில் சேர்த்தி இல்லை. அதற்குத்தான் பேட்டரி, அது பேசுவது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில். ஒரே கூட்டுக்குள் குடியிருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஆட்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம், தெரியாததால்தான் ஊரெல்லாம் ஏமாறுகிறது.

பாருங்கள், ரிமோட் வேலை செய்யவில்லை என்று போகிறவரிடம் "புது சாவிதான் சார் போடணும்" என்று எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். ஐம்பது ரூபாய் பட்டன் செல் தீர்ந்திருக்கும்! கூட்டைத் திறந்து பழைய செல்லில் இருக்கும் எண்ணைப் படித்து அதையே வாங்குங்கள். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம். 2025 விட்டத்தில் அதே அளவு, கனம் 2.5 தான். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுப்பார். 2032 இருந்த இடத்தில் 2025 தளர்வாக உட்காரும், இரண்டு நாள் வேலை செய்யும், மூன்றாம் நாள் மறுபடி செத்துவிடும். புஷ் பட்டன் வண்டியில் செல் தீர்ந்தால் அதற்காக டோ வண்டி கூப்பிடுகிறவர்களும் உண்டு. ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டில் இருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளினால் உள்ளே ஒரு சின்ன இரும்புச் சாவி வரும், கதவை அதால் திறக்கலாம். அப்புறம் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்மார்ட் கீயாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். நிறைய வண்டிகள் ஓடிவிடும். சிலவற்றில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும், மேனுவலில் போட்டிருக்கும்.

அடுத்த கொடுமை கூடு மாற்றுவது. ஃப்ளிப் சாவியில் இரும்பு நாக்கு மடங்கும் இடத்தில் ஒரு சின்ன பின் தேயும், நாக்கு ஆடும், ஒரு நாள் கழன்று கையோடு வரும். இதற்கு வெறும் கூடு சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிப் பழைய சர்க்யூட் போர்டை எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து மூடிவிட்டு, பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். குப்பையோடு போனது அந்தப் புளியங்கொட்டை! பல மாடல்களில் சில்லு போர்டில் இருக்காது. கூட்டின் ஓரத்தில் தனிக் குழியில், பசை வைத்து ஒட்டியிருக்கும். கதவு ஜம்மென்று பூட்டும், திறக்கும். இன்ஜின் மட்டும் பிடிக்காது. ஆகவே பழைய கூட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். சில்லு பசையோடு இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், விரிசல் விட்டால் முடிந்தது. ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டிப் பசையை இளக்கிக் கழற்றுங்கள். புதுக் கூட்டை மூடியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகுதான் பழைய கூடு குப்பைக்குப் போகவேண்டும்.

சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்தால்? தயவுசெய்து அந்தக் கையை ஃபெவிக்விக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மிச்சத் துண்டில் பசை தடவி உள்ளே விட்டு இழுக்கலாம் என்று சொல்கிற வீடியோக்காரர்கள் உங்கள் பூட்டுக்குப் பணம் கொடுக்கப்போவதில்லை. பசை உள்ளே இருக்கும் தகடுகளில் ஒழுகும், பூட்டையே மாற்ற வேண்டிவரும். முதலில் பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். சாவி சாதாரணமாக உருவ வரும் நிலையில் இல்லாமல் பாதி திரும்பி நின்றால் குறட்டால் எவ்வளவு இழுத்தாலும் துண்டு வராது. தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லப் பழைய நிலைக்குத் திருப்பி, கொஞ்சம் மசகு ஸ்ப்ரே அடித்து, சாவியின் வெட்டுப் பக்கமாக மெல்லிய ரம்பத் துண்டை நுழைத்துப் பல்லில் மாட்டி இழுத்தால் வரும். வந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துவைத்துத்தான் புதுசு வெட்ட முடியும். அதிலும் ஒன்று சொல்லவேண்டும்: பத்து வருஷம் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்தேதான் வெட்டுவார்கள். சாவி நம்பர் இருந்தால் அதைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள், கம்பெனியிலிருந்து வந்த அளவில் வரும்.

இப்போது தொலைந்த கதைக்கு வருவோம். ஒரு சாவி தொலைந்து இன்னொன்று கையில் இருந்தால் அது வெறும் செலவு. இரண்டும் இல்லை என்றால் அது தண்டனை.

ஒன்று கையில் இருந்தால் வண்டியை ஓட்டியே போகலாம். ஆர்.சி. நகல், உரிமையாளரின் அடையாள அட்டை கேட்பார்கள். போலீஸ் புகார் நகலும் கேட்பார்கள். இங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பம். டீலர்ஷிப்பில் "எஃப்.ஐ.ஆர். வேணும்" என்பார்கள், ஸ்டேஷனில் "சாவி தொலைஞ்சதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா?" என்று சிரிப்பார்கள். புகாரை எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அது போதுமா என்று டீலரிடமும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிட்டால் இரண்டாவது தடவை படியேற வேண்டாம். சாவி வர பத்து நாள், பதினைந்து நாள் என்பார்கள். ரிமோட் சாவி சில ஆயிரம். ஸ்மார்ட் கீ என்றால் பத்தாயிரத்தைத் தாண்டுவது சகஜம். மொத்தத் தொகையை ஒரே வரியில் எழுதினால் விடாதீர்கள். சாவி எவ்வளவு, வெட்டுக்கூலி எவ்வளவு, ப்ரோக்ராமிங் (சாவியை வண்டியில் பதிவது) எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

"லாக் செட்டையே மாத்திருங்க சார், சேஃப்டி" என்று ஒரு பாட்டு வரும். லாக் செட் என்றால் இக்னிஷன், ஓட்டுநர் கதவு, டிக்கி, சில வண்டிகளில் பெட்ரோல் மூடி எல்லாம் சேர்ந்தது. சாவி ஆற்றில் விழுந்திருந்தால் அது எதற்கு? தொலைந்த சாவியின் சில்லை இம்மொபிலைசர் மெமரியிலிருந்து அழித்தாலே அதை வைத்து இன்ஜினை ஓட்ட முடியாது. கதவை மட்டும் திறக்கலாம். பர்ஸோடு, வீட்டு விலாசத்தோடு தொலைந்தது, எடுத்தவன் வீடு தேடி வரலாம் என்றால் பூட்டு மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் அழிக்கச் சொல்லி நீங்கள் வாய்விட்டுக் கேட்கவேண்டும்; கேட்காமல் செய்ய மாட்டார்கள். அழிக்கும்போது பெரும்பாலும் மொத்தமாகத்தான் அழியும். அதனால் வீட்டில் இருக்கும் சாவியையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்றால் அதுவும் அன்றோடு வெறும் இரும்பு. வேலை முடிந்ததும் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று வண்டியில் செருகிப் பார்க்கும் ஸ்கேனர் கருவியின் திரையில் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அந்த எண் தெரியும்.

புதுச் சாவியைச் சோதிக்கும்போது பழையதை அதே வளையத்தில் தொங்கவிடாதீர்கள். காயிலுக்குப் பக்கத்தில் பழைய சில்லு இருந்தால் வண்டி அதைப் படித்துக்கொண்டு ஓடும். புதுசு வேலை செய்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். பழையதை பத்தடி தள்ளி யாரிடமாவது கொடுத்துவிட்டு, இன்ஜினை ஒரு நிமிஷமாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

இரண்டுமே இல்லை என்றால் வண்டி நின்ற இடத்தில் கல். ஸ்டியரிங் பூட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் 'பி'யில் நின்றால் முன்சக்கரம் உருளாது, அதைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸுக்குச் சங்கு. சக்கரத்துக்கு அடியில் உருளும் பலகை கொடுத்து, பிளாட்பெட்டில் ஏற்றித்தான் போகவேண்டும். அதற்குமுன் ஆள் நேரில் வந்து ப்ரோக்ராம் செய்வார்களா என்று கேளுங்கள். இந்த வேலைக்கு இம்மொபிலைசரின் பின் நம்பர் வேண்டும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனியிடம் டீலர் வாங்குவார். சில வண்டிகளில் மூன்று தடவை தப்பான பின் போட்டால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். சாவிக்காகக் காத்திருந்த இரண்டு வாரத்தில் வண்டி பேட்டரியும் இறங்கியிருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ப்ரோக்ராமிங் பாதியில் நிற்கும், அதனால் இன்னொரு பேட்டரியை இணைத்துவிட்டுத்தான் ஸ்கேனரையே செருகவேண்டும்.

வெளியில் ப்ரோக்ராமிங் கருவி வைத்திருக்கும் சாவிக்காரர்கள் இதே வேலையைக் குறைந்த காசுக்கு, நின்ற இடத்திலேயே செய்கிறார்கள். நல்ல தொழில்காரர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி. கேட்காதவரிடம் மட்டும் போகாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் திருடனிடமும் கேட்க மாட்டார். "ஆன்லைன்ல சீப்பா வாங்கிட்டு வாங்க, போட்டுத்தர்றேன்" என்றால் ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸா 315-ஆ என்று பார்த்து வாங்குங்கள், வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இன்னொரு வண்டியில் ஏற்கெனவே பதிந்த பழைய ஸ்மார்ட் கீ பல மாடல்களில் மறுபடி பதியாது.

இதைவிட ஒரு மகா ஐடியா கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. "இருக்கிற சில்லை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில காயில் பக்கத்துலயே டேப் போட்டு ஒட்டிருவோம் சார். அப்புறம் நூறு ரூபா சாவியே போதும்." ஆமாம், திருடனுக்கும் அதே நூறு ரூபாய் போதும். அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற பல கியா, ஹூண்டாய் கார்கள் இம்மொபிலைசர் இல்லாமல் வந்தன. ஸ்டியரிங் மூடியைப் பிய்த்து யு.எஸ்.பி. கேபிள் முனையால் திருகியே பையன்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஐரோப்பாவில் 1998-லேயே கட்டாயமாக்கிய பாதுகாப்பை நம் ஆள் ஒரு அடி இன்சுலேஷன் டேப்பில் முடித்துவைக்கிறார்.

வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது "ரெண்டு சாவியும் கொடுங்க" என்றுதான். ஒன்று எப்போதோ தொலைந்தது, யாருக்கும் சொல்லவில்லை என்றால் வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டுப் போனீர்களா என்ற சந்தேகத்தில் கிளைம் இழுத்தடிக்கும். சி.எஸ்.ஆர். ரசீதும் புதுச் சாவி பில்லும் அன்றைக்குத்தான் உதவும். சாதாரண பாலிசியில் தொலைந்த சாவிக்குக் காசு வராது. சாவிக்கென்று தனி ஆட்-ஆன் இருக்கிறது, தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. புதுப்பிக்கும்போது கேட்டால் சில நூறு ரூபாய்தான், ஆனால் எத்தனை ஏஜென்ட் இதைச் சொல்கிறார்?

சாவி நம்பர் இருக்கும் அந்தச் சின்னத் தகட்டை மறந்துவிட்டேன். அதை நம் மக்கள் எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? சாவி வளையத்திலேயே! சாவி தொலையும்போது நம்பரும் கூடவே தொலைகிறது. எடுத்தவனுக்குச் சாவியும் உண்டு, இன்னொன்று வெட்ட நம்பரும் உண்டு. கழற்றி பீரோவில் வையுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் ஒரு சாவியை நீட்டி, "இன்னொண்ணு வீட்டுல எங்கேயோ இருக்கு, தேடிக் கொரியர் பண்ணிடறேன்" என்பார். அந்தக் கொரியர் வராது. அட்வான்ஸ் கொடுப்பதற்குமுன் அந்த மாடலுக்குப் புதுச் சாவி எவ்வளவு என்று டீலரிடம் போனில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். பெயர் மாற்றிய கையோடு புதுச் சாவியைப் பதிந்து மெமரியில் மற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள். தேடிக் கிடைக்காத அந்தச் சாவி இப்போது யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது.