பவர் ஸ்டியரிங் பெல்ட்டைக் கழற்றினால் பெற்றோல் மிச்சமா?

"பவர் ஸ்டியரிங் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், கார் லேசாக மலையேறும், பெற்றோல் பாதி மிச்சம், கெடுதல் ஒன்றும் இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஹட்டன், நுவரெலியா பக்கம் சுற்றுகிறது. இது தவறு.

பவர் ஸ்டியரிங் எண்ணெய் அழுத்தத்தால் நம் கைக்கு உதவுகிறது. அந்த அழுத்தத்தைத் தரும் ஹைட்ரோலிக் பம்பைச் சுற்றுவதுதான் இந்த பெல்ட். அந்த பம்ப் எஞ்சினிடம் கொஞ்சம் சக்தி வாங்குவது உண்மைதான். ஆனால் நேராக ஓடும்போது அது வாங்குவது மிகக் குறைவு. பாதி பெற்றோல் மிச்சமாக வழியே இல்லை.

கெடுதல்தான் பெரிது. பவர் ஸ்டியரிங் இல்லாமலே செய்த கார்களில் ஸ்டியரிங்கை அதிக சுற்று சுற்ற வேண்டும், அதனால் கைக்குப் பாரம் குறையும். பவர் ஸ்டியரிங் ராக்கில் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டில்) அந்த வசதி கிடையாது. போதாததற்கு உள்ளே இருக்கும் எண்ணெயையும் நம் கைதான் தள்ள வேண்டும். வேகம் குறையக் குறைய பாரம் கூடும். இறம்பொடை வளைவில் முதல் கியரில் ஏறும்போது எதிரே பஸ் வந்தால், இரண்டு கையாலும் இழுத்தாலும் சக்கரம் சுணங்கித்தான் திரும்பும். அந்த ஒரு நொடிதான் எனக்குப் பயம்.

அப்புறம், பல கார்களில் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர வைக்கும் வோட்டர் பம்பையும் பற்றரியை சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. கழற்றினால் ஏற்றத்திலேயே எஞ்சின் கொதிக்கும். மின்மோட்டார் ஸ்டியரிங் உள்ள கார்களில் கழற்ற அப்படியொரு பெல்ட்டே இல்லை.

சந்தேகமா? காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் பொனட்டுக்கு அடியிலேயே பெல்ட் படம் ஒட்டியிருக்கும். ஸ்டியரிங் இறுக்கமாக இருந்தால் டயர் காற்று, ஸ்டியரிங் எண்ணெய் அளவு, பெல்ட் மூன்றையும் கராஜில் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்.