நான்கு நிமிடத் தாமதம் ஐன்ஸ்டைனைத் தோற்கடித்ததா?

"ஆற்றல் மிக்க காமா கதிர்கள் 4 நிமிடம் தாமதமாக வந்துவிட்டன, காலவெளி பரிமாற்ற விதிக்கு அடங்காதது என நிரூபணமாகிவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பரிமாற்ற விதி என்றால், பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்பது (2×3 = 3×2). வெற்றிடத்தில் எல்லா ஒளியும் ஒரே வேகத்தில் போகும் என்ற ஐன்ஸ்டைனின் கருத்தே இதனால் தோற்றுவிட்டது என்கிறார்கள். நிரூபணம் ஏதும் இல்லை.

ஆற்றல் குறைந்த கதிர்களுக்குப் பின்னால் அவை தாமதமாக வந்தது உண்மைதான். 2005 ஜூலையில் மார்க்காரியன் 501 விண்மீன் மண்டலம் சீறியபோது, ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக் காமா கதிர் தொலைநோக்கி அதைப் பதிவு செய்தது. ஆனால் எல்லாக் கதிர்களும் ஒரே கணத்தில் கிளம்பின என்பதற்கு என்ன ஆதாரம்? அங்கே துகள்கள் படிப்படியாக முடுக்கம் பெற்றிருந்தால், ஆற்றல் மிக்க கதிர் புறப்படுவதே பிந்தித்தான்.

அடிப்படைக் கருத்து வெறும் கதையல்ல, மதிக்கத்தக்க ஆய்வு. இடத்தையும் காலத்தையும் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும் காப்பா-மிங்கோவ்ஸ்கி வெளி என்ற கணித மாதிரியில், அலையின் வேகம் ஆற்றலைப் பொறுத்து மாறலாம் என்று ஆய்வாளர்கள் அமெலினோ-கமேலியாவும் மஜீதும் 1999-இல் கணக்கிட்டார்கள். பரிமாற்ற விதிக்கு அடங்காத எல்லா வெளிகளிலும் அப்படி நடக்காது. சில மாதிரிகளில் வெற்றிடத்து ஒளி வழக்கமான வேகத்திலேயே போகும்.

அந்த 4 நிமிடத்துக்குக் காலவெளிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். வேக மாற்றம் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருந்தால், 730 கோடி ஒளியாண்டு கடந்து வந்த ஜிஆர்பி 090510 என்ற காமா கதிர் வெடிப்பின் 3,100 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஒளித்துகள் 20 நொடிக்கும் மேல் பின்தங்கியிருக்க வேண்டும். 2009 மே 10 அன்று ஃபெர்மி செயற்கைக்கோள் வெடிப்பை உணர்ந்த ஒரு நொடிக்குள் அது வந்து சேர்ந்தது. ஜிஆர்பி 221009ஏ வெடிப்பை ஆராய்ந்த சீனாவின் லாசோ ஆய்வகம் 2024-இல் ஒளியின் வேகம் ஆற்றலால் எவ்வளவு மாறலாம் என்ற வரம்பை இன்னும் இறுக்கியது.