சுறாவைக் காட்டாமலே பயமுறுத்தினார்களே!

திரில்லர் நாவலைப் படமாக எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று கட்டுரையில் ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

சுஜாதாவின் பிரியா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நாவலில் லண்டன், 1978இல் வந்த படத்தில் சிங்கப்பூர், அதுகூடப் போகட்டும், ஆனால் வக்கீல் கணேஷாக ரஜினி வந்ததும் வக்கீல் காணாமல் போய் ஹீரோதான் மிச்சம். (பாட்டெல்லாம் இன்றைக்கும் கேட்கலாம், அது வேறு கதை.)

ஆனால் ஆளைத் தின்னும் சுறாவின் கதையான ஜாஸ்? பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் 1974, ஸ்பீல்பெர்க்கின் படம் அடுத்த வருஷமே. நாவலில் போலீஸ் அதிகாரியின் மனைவிக்கும் சுறா ஆராய்ச்சியாளருக்கும் கள்ள உறவு ஒன்று வரும், படத்தில் அதைக் கத்தரித்து எறிந்தார்கள், கதை பிழைத்தது. இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் பண்ணியதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை முழுசாகக் காட்டவே இல்லை. தண்ணீரும் அந்த இசையும் போதுமாக இருந்தது. அதைப் பார்த்தபின் எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்க ஒரு வருஷம் ஆனது. படகு வைத்திருக்கும் மாமா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஒன்று மட்டும் சினிமாவால் முடியாது. கடலூரிலிருந்து பாண்டி பஸ்ஸில் மாத நாவல் படித்துக்கொண்டே போய், தவளக்குப்பத்தில் இறங்க வேண்டியவன் அரியாங்குப்பத்தில் இறங்கினேன். இறங்கியும் நிழற்குடையில் உட்கார்ந்து மிச்சம் எட்டுப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் திரும்ப பஸ் ஏறினேன்.