ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்து ஃப்ரேம்வொர்க் எடுக்காதீங்க

எந்த வெப் ஃப்ரேம்வொர்க் (இணைய அப்ளிகேஷன் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளம்) எடுக்கலாம் என்று கேட்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. பாதிப்பேர் இறுதியாண்டு பிராஜெக்ட் செய்யும் பிள்ளைகள், மீதி இலந்தைக்குளம் ஐடி பார்க் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். "எது ஃபாஸ்ட்டுண்ணே? கிட்ஹப்பில் எதுக்கு ஸ்டார் அதிகம்?" இதுதான் கேள்வி. (கிட்ஹப் என்பது புரோகிராம்களைப் பகிரும் தளம், ஸ்டார் என்பது அங்கே மற்றவர்கள் போடும் விருப்பக் குறி.) இந்த இரண்டையும் வைத்து முடிவெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எடுக்க நினைக்கும் ஃப்ரேம்வொர்க்கிடம் உங்கள் வேலையில் கொஞ்சத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். செய்கிறதா, எங்கே திணறுகிறது என்று பாருங்கள்.

நல்ல ஃப்ரேம்வொர்க்குகள் பிறந்ததே அப்படித்தான். பைத்தான் மொழியில் எழுதிய ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க் 2003இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் என்ற செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. பத்திரிகை அவசரத்துக்கு ஈடுகொடுத்துத் தளங்களைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் எழுதிய புரோகிராம் கோடுதான் 2005இல் ஓப்பன் சோர்ஸாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று) வெளியே வந்தது. டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்கும் பேஸ்கேம்ப் என்ற அப்ளிகேஷனிலிருந்து பிரித்தெடுத்ததுதான். அதனால் "நாங்களே ஒரு ஃப்ரேம்வொர்க் எழுதியிருக்கோம்" என்று சொல்லும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வைத்து எந்தக் கடையின் கணக்கு ஓடுகிறது? எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பிரிக்கும் ரூட்டிங்கும், பக்கத்தின் வடிவத்துக்கான டெம்ப்ளேட்டும் அழகாக எழுதியிருப்பார்கள், திறமையில் குறையே கிடையாது. ஆனால் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக்கடைக்கு பில் போடும் அப்ளிகேஷனை முதலில் எழுதுங்கள். அடுத்து அதேபோல் இன்னொன்று. இரண்டிலும் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் தனியே எடுங்கள். அது ஃப்ரேம்வொர்க்.

சோதிக்க நம் ஊர்ப் பெயரே போதும். பக்கத்தின் முகவரிக்காக ஒரு தலைப்பைச் சுருக்கித் தரும் ஃபங்ஷன் பல ஃப்ரேம்வொர்க்குகளில் இருக்கும். அதில் 'மதுரை' என்று கொடுங்கள். சிலவற்றில் ஒன்றுமே வராது, ஏனென்றால் ஆங்கில எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. சிலவற்றில் 'மதர' என்று வரும். பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துக் கோவையைத் தேடும் விதி) எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள் என்றால், உகரக் குறியும் ஐகாரக் குறியும் எழுத்துக் கணக்கில் வராது. யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறை) அவை தனிக் குறிகள். நமக்கு மூன்றெழுத்தாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு ஐந்து.

அடுத்து பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்திப் பாருங்கள். நம் அகராதி வரிசையில் மயில்சாமி முன்னால், மனோகரன் பின்னால் வரவேண்டும், ஏனென்றால் 'ன' கடைசி மெய். யூனிகோடில் 'ன' 'ந'வுக்கு அடுத்தே இருப்பதால் வெறும் எண் வரிசையில் போட்டால் இது தலைகீழாகும். இதைச் சரிசெய்வது டேட்டாபேஸின் வேலை. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் 10ஆம் பதிப்பிலிருந்தே ஐசியு கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) இருக்கிறது. ஃப்ரேம்வொர்க் வழியாக அதை எளிதாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஜாங்கோவில் 3.2 பதிப்பிலிருந்து ஒரு ஃபீல்டுக்கே (பெயர் போன்ற ஒரு தகவல் கட்டத்துக்கே) கொலேஷன் கொடுக்கலாம். பேரேட்டில் பார்ட்டி பெயரைத் தேடும் அண்ணாச்சிக்கு இதுதான் முக்கியம், வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் அல்ல. (பெஞ்ச்மார்க்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பில் பக்கம் மெதுவாக வந்தால், பெரும்பாலும் டேட்டாபேஸிடம் ஒரு குவெரி (கேள்வி) போட வேண்டிய இடத்தில் நூறு போட்டிருப்போம்.)

எல்லாவற்றையும் விட முக்கியம் அப்கிரேட், அதாவது புதிய பதிப்புக்கு மாறுவது. ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கில் எழுதியவர்களுக்கு 2016இல் ஆங்குலர் 2 வந்தபோது நடந்தது நினைவிருக்கும். பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாமே வேறு. பழையதற்கான ஆதரவு 2021 இறுதியோடு முடிந்தது. ஆகவே டெமோவைப் பார்க்காதீர்கள். இரண்டு பதிப்பு பழையதில் எழுதிய ஒரு சின்ன அப்ளிகேஷனை எடுத்து, ரிலீஸ் நோட்ஸை மட்டும் பார்த்து இன்றைய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். எங்கெங்கே உடைகிறது, உடையும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்களா என்பது அப்போது தெரியும். ஜாங்கோ தன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. 4.2 ஏப்ரல் 2023இல் வந்தது, ஏப்ரல் 2026 வரை கணக்கு. இப்படித் தேதி சொல்லாத பிராஜெக்டில் ஒரு கடையின் வரவு செலவை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

அப்கிரேடைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் இருக்கிறது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஃப்ரேம்வொர்க்கின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டார்கள், மே மாதம் திருட்டு தொடங்கியது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. ஃப்ரேம்வொர்க்காரர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள், பயன்படுத்தியவர்கள் செய்யவில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தமிழில் உடையும் இடத்தைக் கண்டுபிடித்தால் நம் கோடில் மட்டும் ஒட்டுப்போட்டு விட்டுவிடாதீர்கள். அந்த பிராஜெக்டில் பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை) போடுங்கள். பெரிய கோடெல்லாம் வேண்டாம். 'மதுரை' கொடுத்தால் என்ன வரவேண்டும், என்ன வருகிறது என்று காட்டும் ஒரு டெஸ்ட் போதும். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.