தொட்டில் மாட்டும் வரிசை குழந்தைக்குத்தான்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறிப் பாருங்கள். கால் வைக்க இடமில்லாத கூட்டமாக இருக்கும். ஆனாலும் இரண்டு வளைவு திரும்புவதற்குள், "இங்கே கொடும்மா, நான் வைத்துக்கொள்கிறேன்" என்று யாராவது கையை நீட்டிவிடுவார்கள். பர்லியார் நெருங்கும்போது பின்னால் இருந்து ஒரு பாட்டி குரல் கொடுப்பார்: "பிள்ளைக்குப் பால் கொடு கண்ணு, காது அடைக்கும்."

போன மாதம் என் ஏழு மாத மகளைத் தூக்கிக்கொண்டு தனியாக லண்டன் போனேன். கோவை, சென்னை, வளைகுடா, அங்கிருந்து லண்டன். அவள் பிறந்து பதினெட்டு நாள்தான் அவள் அப்பா ஊரில் இருந்தார். அதன்பிறகு அவளுக்கு அப்பா என்றால் செல்போன்தான். திரையில் அவர் முகம் தெரிந்ததும் போனை இரண்டு கையாலும் இழுத்து வாயில் வைத்துச் சப்புவாள். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு வருடம் காத்திருக்க என்னால் முடியவில்லை.

"பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரமா?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. அக்கறையில்தான் கேட்டார்கள். அவ்வளவு உயரத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டாதா என்பது என் அத்தையின் கவலை. விமானம் 35,000 அடிக்கு மேலே பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். குன்னூர் ஏறக்குறைய 6,000 அடி. ஊட்டி 7,000 அடிக்கும் மேல். "அத்தை, அவள் பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறாள்" என்று சொன்ன பிறகுதான் அவர் பெட்டி கட்ட உதவிக்கு வந்தார்.

பாஸ்போர்ட், விசா வேலைகள் அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும். ஊசி விஷயத்தை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். தட்டம்மை ஊசி நம் நாட்டில் ஒன்பது மாதத்தில் போடுவது. நோய் பரவும் இடத்துக்குப் போவதென்றால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முன்கூட்டியே ஒன்று போடுகிறார்கள். அது கணக்கில் சேராது, வழக்கமான இரண்டு ஊசிகளையும் பிறகு போட்டாக வேண்டும். எங்கள் டாக்டர் அப்படித்தான் செய்தார்.

இனி என் மனத்தில் கனன்றுகொண்டிருப்பதைச் சொல்கிறேன். முதல் வரிசையில், எதிர்ச் சுவரில் குழந்தைக்குத் தொட்டில் மாட்டுவார்கள். டிக்கெட் எடுத்த அன்றே அந்த இடத்தைக் கேட்டேன். ஒரு வாரம் முன்பு மறுபடி போன் செய்தேன், உறுதி என்றார்கள். விமான நிலையத்தில் போய் நின்றால், அந்த வரிசை கூடுதல் கட்டணத்துக்கு வேறு பயணிகளுக்குப் போய்விட்டது என்கிறார்கள். வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விற்றவர்களுக்குத் தெரியும். கால் நீட்ட விரும்புகிறவருக்கு அவசர வழி வரிசையும் இருக்கிறது. அங்கே கைக்குழந்தையோடு உட்கார அனுமதி கிடையாது. தொட்டில் மாட்டும் சுவரோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். குழந்தைகளுக்குக் கொடுத்து மீதமிருந்தால் விற்கட்டும். இதைச் சலுகையாக நான் கேட்கவில்லை.

நடு இருக்கையில், எட்டுக் கிலோ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம். என் பெல்ட்டோடு கோத்த சின்ன பெல்ட் அவளுக்கு. இரண்டாம் மணி நேரத்தில் என் இடது கை மரத்துவிட்டது. அதைவிடக் கொடுமை, நான் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் அவளை யாரிடம் கொடுப்பது? விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, நம் மலைப் பனிமூட்டத்தில் வளர்ந்த உடம்புக்கு உதடு வெடித்துவிடுகிறது. பால் கொடுக்கும் தாய், டம்ளரில் தண்ணீர் முன்னால் இருந்தும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அவள் சிணுங்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன்.

குழந்தை அழுதால் வளர்ப்பு சரியில்லை என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். செவிப்பறைக்குப் பின்னாலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் போகிறது. குழந்தைகளுக்கு அது மிகவும் குறுகல். விமானம் இறங்கும்போது வெளியழுத்தம் கூடும், அந்தக் குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். நமக்கு எச்சில் விழுங்கத் தெரியும், கொட்டாவி விடத் தெரியும். குழந்தைக்குத் தெரிந்தது அழுகை மட்டும். விழுங்கினால்தான் குழாய் திறக்கும் என்பதால் அப்போது பால் கொடுக்க வேண்டும். பர்லியார் பாட்டி சொன்னதும் இதைத்தானே! தாய்மார்களே, மேலே ஏறும்போதே முழுவதும் ஊட்டிவிடாதீர்கள். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். புட்டிப்பால் என்றால் பயப்பட வேண்டாம், கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு பயணத்தில் குழந்தைக்குத் தேவையான பாலுக்குப் பொருந்தாது. தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

லண்டன் நெருங்கியதும் நானும் அவளை எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே குடித்தாள். குடிக்கும்போது என் தாலிச்சங்கிலியை விரலில் சுற்றிக்கொள்வது அவள் வழக்கம். சக்கரம் தரையில் மோதியபோதும் அந்தப் பிடி தளரவில்லை, ஒருமுறைகூட அழவில்லை. வெளியே வந்ததும் அவள் அப்பாவின் மூக்கைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

திரும்பி வருவது பொங்கலுக்கு முன்பு. அந்த முதல் வரிசை இருக்கையை இந்தமுறை எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்களும் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். நடு இருக்கையில் ஒருத்தி குழந்தையோடு வந்து உட்கார்ந்தால், "கொடும்மா, ஐந்து நிமிடம் நான் வைத்துக்கொள்கிறேன், போய்விட்டு வா" என்று சொல்லுங்கள். அவள் தண்ணீர் குடிப்பாள்.